நான் கட்டாத சேலை

போன வாரம் சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் மின்தூக்கிக்குள் நுழைந்ததுமே அந்தத் தைல வாடை. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, கீழ்த்தளத்தில் இருந்த சீனர் சங்கத்தின் பழைய தலைவர். இந்த வயதிலும் சட்டைப்பையில் இரண்டு பேனா. என்னை அடையாளம் கண்டு, அந்த விருந்தில் நீ சேலை கட்டிக்கொண்டு மேளம் அடித்தது எவ்வளவு அழகு என்று ஆங்கிலத்தில் உருகினார். நான் அன்று சேலை கட்டவில்லை. மனிதர் பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். தனக்கு வேண்டியதையே நினைவாக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது நான் சங்கத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கூட்டமில்லாத நேரத்தில் மேசையில் தாளம் போடுவேன். டாக்டருக்குத் தலைவலி. சங்கத்தின் சிங்க நடனக் குழுவுக்கு ஆசானாக இருந்தவரின் காதில் அது விழுந்தது. சிஃபு என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். தேக்கா சந்தையில் மீன் கடை. நம் ஆட்களுக்கு மீன் வெட்டியே தமிழ் பழகியவர். மேளக்காரப் பையன் தேசிய சேவைக்கு என்று ராணுவத்துக்குப் போனதும் என்னிடம் வந்தார்.

"நீ வா. மேசை பாவம் லா."

போனேன். சிங்கத்தின் காலைப் பார்த்து அடிக்க வேண்டுமாம். நானோ வேகமாக அடித்துச் சிங்கத்தைத் துரத்தினேன். பையன்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தார்கள். தலைவருக்கு மட்டும் நான் கண்ணில் விழுந்த தூசி. கடைத் திறப்பு விழாக்களில் தூணுக்குப் பின்னால் நிறுத்துவார். குழுச் சட்டையில் என் அளவு இல்லை என்பார். நான் என்ன யானையா?

பிறகு சங்கத்தின் ஆண்டு விருந்துக்கு ஒரு பெரிய மனிதர் வருவது உறுதியானது. அன்றே தலைவருக்கு என் நிறம் பிடித்துப்போயிற்று. முன்னால் நிற்க வேண்டும்; பட்டுச்சேலை, பொட்டு, பூ எல்லாம் வேண்டும். அப்போதுதான் பல இன ஒற்றுமை படத்தில் நன்றாக விழுமாம்.

விருந்தன்று நான் பேண்ட், டி-ஷர்ட்டோடு போய் நின்று, எனக்கும் குழுச் சட்டை வேண்டும் என்றேன். இருந்தால் தரமாட்டேனா என்று தலைவர் கையை விரித்தார். சிஃபு தன் குழுச் சட்டையைக் கழற்றினார். பனியனோடு நின்று, தலைவருக்குப் புரியாத தமிழில் சொன்னார்:

"நீ போடு. மீன் வாசம் வரும். பரவால்ல."

டி-ஷர்ட்டுக்கு மேலேயே போட்டுக்கொண்டு அடித்தேன். அதற்கு முன்பும் பின்பும் அப்படி அடித்ததில்லை. பெரிய மனிதர் எழுந்து கைதட்டினார். உடனே தலைவர் ஓடிவந்து, மூக்கைச் சுளித்தபடியே என்னோடு படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே புது விதி: குழுவில் சங்க உறுப்பினர்கள் மட்டும், உறுப்பினராவதற்குச் சீனராக இருக்க வேண்டும். சிஃபு அன்றோடு வருவதை நிறுத்தினார். பையன்களும் போய்விட்டார்கள். தலைவர் ஒலிநாடாவைப் போட்டு, கூலிக்கு ஆள் பிடித்து ஆடவைத்தார். சிங்கம் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம்.

ஆள் சேராமல் சங்கத்தையும் பூட்டினார்கள். இப்போது அங்கே துணைப்பாட நிலையம். சங்கம் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. சிஃபு இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது சடங்கெல்லாம் முடிந்திருந்தது. பையன்கள் உட்லண்ட்ஸ், செம்பவாங் என்று எங்கெங்கோ வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஒருவனைக்கூட வழியில் கண்டதில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கென்று மிஞ்சியிருப்பவர் தலைவர் ஒருவர்தான்.