சித்தப்பாவின் கடைசிப் பந்தயம்

இல்ஃபோர்ட் சந்தியில் ஒரு கார் சறுக்கி நின்றது. கருகிய டயர் மணத்தில் என் ஒன்பதாவது வயது திரும்பி வந்தது.

சித்தப்பா பத்து வருடமாக மண் தடத்தில் கார்ப் பந்தயம் ஓடியவர். அன்று பந்தயத்தில் பின்னால் வந்தவன் வேண்டுமென்றே இடித்தான். சித்தப்பாவின் கார் மூன்று முறை புரண்டு கவிழ்ந்தது. இரத்தம் வழிய ஊர்ந்து வெளியே வந்தவர், அவனை அவன் காரிலிருந்து இழுத்து விழுத்தி முகத்தில் குத்தினார். பல் தெறித்தது.

நான் தடத்தோர வேலியில் ஏறிக் கத்தினேன். "இன்னும் அடியுங்கோ சித்தப்பா, விடாதேங்கோ."

அவர் கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

வீடு திரும்பும்போது அம்மா கேட்டாள். "இனியும் ஓடப் போறீரோ தம்பி?"

"இல்லை அண்ணி. உங்கட பெட்டையின்ர முகத்தைப் பார்க்கப் பயமாக் கிடந்தது."

அதன்பின் அவர் பந்தயக் காரில் ஏறவேயில்லை.

சந்தியில் நின்ற கார் போய்விட்டது. என் கை, குத்தப் போவதுபோல் இறுக மூடியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.