இரண்டாவது மணித்தியாலம்

பக்கவாதத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை உண்டு என்பதைப் பிரான்சுக்கு வந்துதான் அறிந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் அந்த மனிதருக்குக் கை கால் வழங்காது. மற்ற நேரமெல்லாம் அவர் சுகதேகி. பிரோ அப்படித்தான் முடிவு செய்திருந்தது. இயலாதவர்களின் வீடுகளுக்கு எங்களைப் போன்ற பெண்களை உதவிக்கு அனுப்பும் அலுவலகத்தைத்தான் பிரோ என்போம். எண்பதுகளின் பின்பாதியில் அதுதான் எனக்குச் சோறு போட்டது.

நான் பார்த்தவர் பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் மூன்றாம் மாடியில் தனியே இருந்த பாண்டிச்சேரிக்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் மணித்தியாலத்தில் குளிப்பாட்டி, சவரம் செய்து, சமைத்து வைப்பேன். இரண்டாவதில் அவரைக் கீழே இறக்குவேன். லிஃப்ட் இல்லாத கட்டடம். வலது கை என் தோளில். படிக்கு ஒரு வசை பிரெஞ்சில். கீழே மெத்ரோ ரயில் பாலத்தடி வாங்கில் உட்கார்ந்து, போகிற வருகிற யாழ்ப்பாணத்துப் பெடியளைக் காட்டி, "இவனுங்க பேசறது தமிழாம்மா?" என்று தினமும் கேட்பார். அதைக் கேட்பதற்காகவே அவர் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன்.

திடீரென்று மணித்தியாலங்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிரோவிலிருந்து ஒரு மதாம் வீடு வீடாக வந்து, ஆள் எவ்வளவு ஏலாதவர் என்று அளப்பாராம். ஏலாமை போதாவிட்டால் நேரத்தை வெட்டுவாராம். மதாம் வருவதற்கு முதல் நாளே ஐயாவுக்குப் பாடம் எடுத்தேன்.

"ஐயா, நாளைக்கு ஒண்டும் செய்யாதேங்கோ. என்ன கேட்டாலும் ஏலாது எண்டு சொல்லுங்கோ. கதிரையை விட்டு எழும்பக் கூடாது."

"ஆயுசு முழுக்க அரசாங்க பிரோவுல இருந்தவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார்.

மதாம் வந்தார். நல்ல பெண், ஏசவும் வழியில்லை, அதுதான் எரிச்சல். ஐயா அழகாகப் பதில் சொன்னார். சட்டைப் பொத்தான்? முடியாது. சப்பாத்து? முடியாது. மனதுக்குள் கை தட்டினேன். பிறகு பிடித்தது சனி. "மதாமுக்கு ஒரு காப்பி போடும்மா" என்றார். நான் எழும்பினேன். மதாமோ, தனக்கு வேண்டாம், என்னிடமும் கேட்க இருக்கிறது, உட்காரட்டும் என்றார். ஐயா மறுபடி உபசரித்தார். வேண்டாம். மூன்றாம் தரமும் வேண்டாம்.

பிரெஞ்சுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்கள் ஆட்கள் மூன்று தரம் வேண்டாம் என்றால் பால் அடுப்பில் ஏறிவிட்டது என்று பொருள். அத்தனை வருஷம் பாரிஸில் இருந்தும் அந்த மனிதருக்கு இந்த வித்தியாசம் ஏறவில்லை. தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

நோய் வந்த பிறகு அவர் அடுக்களைப் பக்கமே போனதில்லை. செருமினேன். கண்ணைக் காட்டினேன். கடைசியில் தமிழிலேயே கத்தினேன்.

"ஐயா, இருங்கோ! எல்லாத்தையும் கெடுக்கப் போறியள்!"

"வீட்டுக்கு வந்த மனுஷிய வெறும் வாயோட அனுப்பறதா?"

உதவப் போன என்னை மதாம் கை காட்டி இருத்தினார். உள்ளே பாத்திரம் விழுந்தது. பால் பொங்கித் தீய்ந்த மணம் வந்தது. நெடுநேரம் கழித்து, தடியை அங்கேயே போட்டுவிட்டு, சுவரில் தோளைத் தேய்த்தபடி, கையில் கோப்பையோடு வந்தார்.

"த்ரே பியான்!" என்று மதாம் பாராட்டினார். ஐயாவின் முகத்தில் மாப்பிள்ளைக் களை. தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்ட ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

முடிவு வந்தது. காப்பி போடத் தெரிந்தவருக்கு ஒரு மணித்தியாலம் போதுமாம். மறுபரிசீலனை வேண்டுமென்றால், காப்பி போட இயலாது என்று அவர் கையெழுத்து வைக்கவேண்டும். பேனையை நீட்டினேன்.

"எந்தக் கையால போட்டேனோ, அதே கையால முடியாதுன்னு எழுதணுமா? மாட்டேன்."

"அப்ப கீழை போறது?"

ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் ஆறுதல் சொல்லத் தொடங்குவாரே என்று ஏசினேன். பிறகு, "காசு வேண்டாம், என்ரை நேரத்திலை இறக்கிறன்" என்றேன்.

"நேரத்துக்கு வெளிய நான் விழுந்தா, பழி உன் மேலதாம்மா வரும். பிரோவைப் பத்தி எனக்குத் தெரியாதா? அங்க நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அடுத்த கிழமை, ஒரு மணித்தியாலம் முடிந்ததும் கோட்டை மாட்டினேன்.

"உங்க வேலை முடிஞ்சுது. இப்ப நீங்க விருந்தாளி, உக்காருங்க" என்றார். அதுவரை என்னை நீ என்றே அழைத்தவர். சுவரைப் பிடித்தபடி அடுக்களைக்குள் போனார்.

முன்பு நாங்கள் படியிறங்கி, வாங்கில் இருந்துவிட்டு, ஏறி வருகிற அவ்வளவு நேரமும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இவ்வளவு கடினமான வேலையை நான் அந்த வீட்டில் செய்ததில்லை. கோப்பை வந்தபோது பாதிக் காப்பி தரையில் கிடந்தது. துணியை எடுக்க எழும்பினேன்.

"உக்காருங்க. விருந்தாளி தரை துடைக்கிறதா? நாளைக்கு உங்க நேரத்துல துடைக்கலாம்."