பொட்டாஷ் சாக்கும் ஒரு வரிசை மல்லிகையும்

மண்ணைப் பரிசோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது எங்கிருந்து, எதில், எப்படி வந்தது என்று கொண்டுவந்தவர் வாயிலிருந்து வரவழைப்பதுதான் வித்தை.

திண்டுக்கல்லில் ஒரு மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். விவசாயத்தில் பட்டம் வாங்கியவள். ஆனால் வருகிறவர்களுக்கு நான் டீச்சர். கண்ணாடி போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் டீச்சர்தான். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ரத்தமோ தங்கமோ தண்ணீரோ, எதையாவது சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாம் எழுதும் ஒரு வரியை நம்பி எதிரே நிற்பவர் ஒரு காரியத்தைச் செய்துவிடுவார். அப்படி நான் எழுதிய ஒரு வரியால் ஒரு மல்லிகைத் தோட்டமே போயிருக்கும். நல்லவேளை, போகவில்லை. அந்த நிம்மதியில்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈசானி மூலை

அகரத்து வேலுச்சாமி அண்ணன் ஒரு ஏக்கர் சொச்சத்தில் தக்காளி போட்டிருந்தார். செடியெல்லாம் சவலைப் பிள்ளை மாதிரி நிற்கிறது என்று மண் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்தால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் ததும்புகிறது. இந்த மண்ணில் விளக்குமாற்றுக் குச்சியை நட்டாலும் துளிர்க்குமே, பிறகு தக்காளிக்கு என்ன கேடு? குழம்பிப்போய், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஈசானி மூலையில் என்றார்.

வயலின் வடகிழக்கு மூலைதான் ஈசானி. உழவோ விதைப்போ, நம் ஆட்கள் தொடங்குவது அங்கேதான். சாணிப் பிள்ளையார் பிடித்து வைப்பதும், பால் ஊற்றுவதும், பொங்கல் வைத்த சாம்பலைக் கொட்டுவதும் அங்கேதான். அவர் அப்பா காலத்திலிருந்து நடந்த பூசையை எல்லாம் சேர்த்து நான் சோதித்திருக்கிறேன்.

வயல் முழுக்க நடந்து, பத்து இடத்தில் அரையடிக் குழி வெட்டி, அத்தனை மண்ணையும் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொண்டுவரணும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்று, "அதெல்லாம் சரி டீச்சர். மொதக் குழியை மட்டும் ஈசானியில போட்டுக்கிறேன், அதுக்குத் தடை ஒண்ணும் இல்லையில்ல?" என்றார்.

எவர்சில்வர் கூஜா

சின்னாளப்பட்டியிலிருந்து ஒருவர் போர்த் தண்ணீரை எவர்சில்வர் கூஜாவில் கொண்டுவந்தார். புதிதாக வைத்த தென்னங்கன்றுகளின் ஓலை நுனி கருகுகிறதாம். தண்ணீரில் கோளாறு இருக்கும் என்று நானும் ஆர்வமாகச் சோதித்தால், சுண்ணாம்பு பேருக்குக்கூட இல்லை. அந்தப் பக்கத்து போரில் இப்படி ஒரு தண்ணீரா? சந்தேகம் வந்து துருவித் துருவிக் கேட்டேன்.

மனுஷன் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்திருக்கிறார். ஆற வைத்து, வீட்டம்மாவின் சுங்குடிச் சேலையை நாலாக மடித்து அதில் வடிகட்டியிருக்கிறார். அடியில் தங்கிய வெள்ளைப் படிவைக் கழுவிக் கொட்டியிருக்கிறார். ஐயா, நான் தேடுவதே அந்த வெள்ளையைத்தானே என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆபீசுக்குக் குடுக்கிற தண்ணி டீச்சர். நாலு பேரு வாயில படுறதை, காய்ச்சாமக் குடுக்க மனசு வரல."

பேச்சியின் மல்லிகை

அன்றைக்குத் திங்கட்கிழமை. கூட்டம் வாசல் வரை நின்றது. கன்னிவாடிப் பக்கத்திலிருந்து பேச்சி என்று ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுக்கும் வீட்டுக்காரருக்குமாக ஒரு ஏக்கர் மல்லிகை. ரெண்டு வருஷமாக இலை மஞ்சளடித்து, மொட்டு குறைந்துகொண்டே வருகிறது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ரெண்டு பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அவளுக்கு ஊரை விட இஷ்டமில்லை. மண்ணைச் சோதித்துப் பார்ப்போம், மண்ணே ஆகாது என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டுக்குள் நாலைந்து இலையைப் பாடம் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். நோட்டை விரிக்கப் போனவளை, இலையெல்லாம் வேண்டாம், மண் போதும் என்று தடுத்துவிட்டேன். அவள் கொண்டுவந்த சாக்கை நானே வாங்கி, மண்ணைத் தட்டில் கொட்டி, சாக்கை ஓரமாக வீசிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

புதன்கிழமை முடிவு வந்தது. உப்பு எக்கச்சக்கம். 'இந்த நிலம் மல்லிகைக்கு உகந்ததல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். பேச்சி அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. சீட்டை அந்த நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "படிச்சவுக நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நான்தான் இம்புட்டு நாளும் அதை நல்ல மண்ணுன்னு நம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிதியடி

வெள்ளிக்கிழமை காலையில் தூறல். என்னோடு வேலை பார்க்கும் சேகர், சேறு உள்ளே வராமலிருக்க வாசலில் ஒரு சாக்கை விரித்திருந்தார். செருப்பைத் துடைக்கும்போது எழுத்து கண்ணில் பட்டது. பொட்டாஷ் உரச் சாக்கு. இது ஏது என்றேன். திங்கட்கிழமை அந்தக் கன்னிவாடிப் பொண்ணு மண் கொண்டுவந்த சாக்குதான், கிடக்கட்டுமே என்று எடுத்துப் போட்டேன் என்றார்.

உரச் சாக்கின் மூலையில் ஒட்டியிருக்கும் பொடி போதும், அரைக் கிலோ மண்ணின் கணக்கையே புரட்டிவிடும். பதிவேட்டைப் புரட்டினேன். உப்பு மட்டுமா, சாம்பல் சத்தும் இயந்திரம் காட்டக்கூடிய எல்லை வரை போயிருந்தது. பொட்டாஷ் என்றாலே சாம்பல் சத்துதானே. முதல் வருஷ மாணவனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. 'உரச் சாக்கில் மண் கொண்டுவரக் கூடாது' என்று சுவரில் தொங்கும் போர்டும் என் கையெழுத்துதான். பேச்சி கொடுத்திருந்தது வீட்டுக்காரரின் நம்பர். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். சேகர் சாக்கைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"போர்டை அவுக படிக்கலைன்னு தினமும் திட்டுறோம் மேடம். நாமளும் படிக்கலையே."

வெள்ளிக்கிழமையும் அதுவுமா

கன்னிவாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாதாவே மாதாவே என்று செபமாலையை உருட்டிக்கொண்டே போனேன். இறங்கி, வழி கேட்டு, வரப்பில் ஏறினால் முதலில் கண்ணில் பட்டது வேரோடு பிடுங்கிக் குவித்த மல்லிகைச் செடிகள். அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரிசைதான் போயிருந்தது. மற்றதெல்லாம் மஞ்சளாக, நோஞ்சானாக, ஆனால் மண்ணில் நின்றது. நடுவே பேச்சி இடுப்பில் மடி கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. தப்பு என்னுடையது, நான் எழுதியது உன் மண்ணே இல்லை, அந்தச் சாக்கு என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்புறம்தான் இலையைக் கையில் எடுத்தேன். நரம்பெல்லாம் பச்சை, இடையில் மட்டும் மஞ்சள். சுண்ணாம்பு மிஞ்சிய மண்ணில் செடியால் இரும்பை எடுக்க முடியாது, அதனால் வருகிற சோகை. திங்கட்கிழமை அந்த நோட்டைத் திறக்க விட்டிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். அவளிடம் ஒரு சுத்தமான வாளி கேட்டு வாங்கி, பத்து இடத்தில் நானே மண் எடுத்தேன். முதல் குழியை ஈசானி மூலையில் போட்டேன், வேலுச்சாமி அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார்.

நேற்றே பிடுங்க ஆரம்பித்தார்களாம். பிறகு ஏன் ஒரு வரிசையோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பொழுது போயிருச்சு, நாளைக்குச் சனிக்கிழமை மிச்சத்தை முடிக்கலாம் என்று இருந்தோம் என்றாள் பேச்சி. அப்போ இன்றைக்கு என்றேன். இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூச்செடியைப் பிடுங்க யாராச்சும் கை வைப்பாகளா டீச்சர்?"

அந்த ஒரு வரிசை

இரண்டாவது முடிவில் உப்பு சாதாரணம், சுண்ணாம்பு அதிகம் என்று வந்தது. இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை அளவாகக் கரைத்து இலையில் தெளிக்கச் சொன்னேன். தெளித்த மருந்து பிடிக்கிறதா என்று நாலு தடவை கன்னிவாடிக்குப் போய்ப் பார்த்தேன். லீவு போட்டுத்தான் போனேன். மூன்றாவது தடவை கொழுந்து பச்சையாக வந்திருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். திருப்பூர்ப் பேச்சை வீட்டுக்காரர் அப்புறம் எடுக்கவில்லையாம். பிடுங்கிய வரிசை போனது போனதுதான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

போன மாதம் பேச்சி வந்தாள். என் தலை கொள்ளாத அளவுக்கு மல்லிகைச் சரம். கூடவே ஒரு துணிப்பை நிறைய வெண்டைக்காய். துணிப்பைதான், கவனித்துப் பார்த்தேன். பூ சரி, இதெல்லாம் எதற்கு, காசு வாங்கிக்கொள் என்று பையைத் திருப்பி நீட்டினேன். சும்மா கிடக்குதேன்னு அந்த இடத்துல வெண்டை போட்டோம் என்று சொன்னவள், பையை என் மேசைக்கே தள்ளிவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது, இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது.

"வாங்கிக்கங்க டீச்சர், இது உங்க வரிசையில காச்சது. எங்க வீட்டுல அதுக்கு டீச்சர் வரிசைன்னுதான் பேரு."

பதினாறு வருஷத்தில் சரியாக எழுதிக் கொடுத்த சீட்டுகளில் ஒன்றுக்கும் யாரும் என் பேரை வைக்கவில்லை, தப்பாக எழுதிய ஒரே சீட்டுக்குத்தான் கன்னிவாடிப் பக்கத்தில் ஒரு வரிசை வெண்டைக்காய் என் பேரில் காய்க்கிறது.