தலைவர் வீட்டுக்குக் கடைசிக் குழாய் வைத்த எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர், குழாயைச் சரியாக மூடாததற்காக எங்கள் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அந்தத் திட்டுக்குப் பின்னால் இருந்த கதையை மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அம்மா மதுரை காளவாசலில் பிறந்தார். தாத்தா தையல் படிக்கச் சொன்னார். அம்மா பாலிடெக்னிக்கில் சேர்ந்து கட்டட வேலை படித்தார். பஞ்சாயத்து யூனியனில் கட்டட, குழாய் வேலைகளை மேற்பார்க்கும் ஓவர்சியர் ஆனார். சைக்கிளில் ஊருக்குள் போய் இறங்கினால், "ஓவர்சியர் வரலையாம்மா?" என்பார்களாம்.

"நான்தான் ஓவர்சியர்."

"சரிம்மா. அவரு வார வரைக்கும் அந்த நெழல்ல நில்லுங்க."

எழுபதுகளின் முற்பகுதியில், சோழவந்தான் பக்கத்து ஊர் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். தொட்டி பஞ்சாயத்துத் தலைவரின் வீட்டெதிரில் நின்றது. முதல் குழாய் அவருக்கு. பிறகு மேலத்தெரு. கூலி வேலை செய்பவர்கள் குடியிருந்த காலனிக்குக் கடைசிக் குழாய். மேலத்தெருவில் எருமை குளித்து, வாசல் நனைந்து, வாய்க்கால் நிரம்பிய பிறகு காலனிக்கு எதுவும் மிஞ்சாது.

காலனிப் பெண் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எங்க குழாயில காத்துதாம்மா வருது. வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்துல சோறாக்க முடியல."

குழாய்களை மூடிவைக்கும்படி அம்மா தண்டோரா போடவைத்தார். மேலத்தெருவில் குழாய்களைத் திறந்துவிட்டு வந்து தண்டோராவைக் கேட்டார்கள். கடைசியில், தொட்டியிலிருந்து போகும் குழாய்ப் பாதையை மாற்றிப் போடும் வேலை வந்தபோது, அம்மா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"தலைவரய்யா, பந்தியில வீட்டுக்காரர் எப்பச் சாப்பிடுவார்?"

"எல்லாரும் சாப்பிட்ட பெறகுதான்."

"அப்ப ஊரே குடிச்ச பிறகு நீங்க குடிச்சா எம்புட்டு மரியாதை! தண்ணி முதல்ல காலனிக்குப் போகட்டும். சுத்தி வந்து கடைசியா உங்க வீட்டுக்கு வரட்டும்."

கூட்டம் கை தட்டியது. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்படியே செய்ங்க" என்றார்.

புதுப் பாதையில் தண்ணீர் திறந்த முதல் நாள், தலைவர் வீட்டுக் குழாய் இருமியது, அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் வாயில் பல்பொடியோடு தெருவில் இறங்கினார். திறந்து கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனார். எருமை குளிப்பாட்டிய சொந்த மச்சினனையே, "மாப்ள, அது குடிக்கிற தண்ணிடா!" என்று விரட்டினார். ஒழுகிய குழாய்களுக்கு வாஷர் போட ஆள் பிடித்தார். அப்படியும் தண்ணீர் வரவில்லை.

"என்னைய வாட்ச்மேன் ஆக்கிப்புட்டியேம்மா!" என்று அம்மாவிடம் கத்திவிட்டு, மேலதிகாரியைப் பார்க்க மதுரைக்குப் பஸ் ஏறினார். அம்மாவை மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றி உத்தரவு வந்தது. தம்பி அப்போது கைக்குழந்தை. அம்மா பெட்டி கட்டினார். அன்றுதான் அவர் அழுது முதல்முறையாகப் பார்த்தேன்.

இதற்குள் தலைவர் மூடிய குழாய்கள் வேலையைக் காட்டின. ஒரு காலை, தலைவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. அவர் மனைவி குடத்தை வைத்துவிட்டு, "இங்க தண்ணி வருதுன்னா ஊர் முழுக்க வந்திருச்சுன்னு அர்த்தம். அந்தப் பிள்ளைய மாத்துனா இந்த வீட்ல சோறு கிடையாது" என்றாராம்.

தலைவர் மறுபடி மதுரைக்குப் போனார். "அந்த ஓவர்சியரம்மாவ மாத்தக் கூடாது."

"மாத்தச் சொன்னதே நீங்கதானேய்யா?" என்றார் அதிகாரி.

"அது போன வாரம்."

உத்தரவு ரத்தானது. அதன்பின் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய், "கடைசிக் குழாய் நம்ம யோசனை" என்று அவர் சொல்லிவந்தார். அம்மா மறுக்கவில்லை. "அவரு சொன்னா நாலு ஊரு கேக்கும். எனக்கு வேலை மிச்சம்" என்பார். நான்கு ஊரும் கேட்டன.

இறுதி நாட்களில் அம்மாவுக்கு இதயம் பலவீனப்பட்டது. ஆஸ்பத்திரியிலும் குளியலறைக் கசிவைப் பற்றி நர்சிடம் புகார் சொன்னார். அதைப் பொறுத்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சுகளுக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த காளவாசல் அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிச் சடங்கன்று வண்டி பிடித்து வந்த காலனி மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா உங்கம்மா பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறி நின்னு என்னையக் கூப்பிடுவா. அதையும் எழுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது.

எழுதிவிட்டேன், அப்பா.