கழுவிக் கழுவிப் பட்டினி போட்டேன்

கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். ஒரு பொட்டு அழுக்கு தெரிந்தாலும் ரிஜெக்ட் செய்வதுதான் என் வேலை. அந்தப் பழக்கம் என் மீனைக் கொல்லப் பார்த்தது.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் புதிதாக உப்புநீர் மீன்தொட்டி வைத்து, பாசி தின்னும் மஞ்சள் மீன் ஒன்றை வாங்கி விட்டேன். தொட்டிக் கற்களில் லேசாகப் பச்சை படர்ந்தாலும், வார லீவில் வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையாக்கிவிடுவேன். மூன்றாவது வாரம் மீனின் வயிறு ஒட்டிப்போனது. கடைத் தீனியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த என் கணவர் தொட்டியை உற்றுப் பார்த்தார். "புல்லெல்லாம் செதுக்கி எடுத்துட்டு ஆட்ட அவுத்து வுட்டா அது இன்னாத்த மேயும்? அது சோத்த நீதான் கழுவி ஊத்திக்கினு இருக்க."

சுருக்கென்றது. அதைச் சாக விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மீன் வாங்கிய கடைக்கே போய், பாசி படர்ந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து போட்டேன். அரைமணி நேரம் மீன் அதைவிட்டு நகரவில்லை.

இப்போது மொட்டைமாடி வெயிலில், உப்புநீர் வாளிக்குள் எப்போதும் இரண்டு கற்கள் பாசி பிடித்துக்கொண்டிருக்கின்றன. தொட்டியில் உள்ள கல் வெளுத்ததும் மாற்றிவிடுவேன்.

"இன்னாக்கா, தொட்டிய கழுவறதே இல்லியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"கண்ணாடிய மட்டும் தொடைப்பேன். கல்லு அது சாப்புடற தட்டு. சாப்ட்டுக்கினு இருக்கசொல்லோ தட்ட எடுப்பாங்களா?" என்றேன்.