பதினான்கு திருகாணிகள்

அந்தப் பெட்டியின் மூடியில் பதினான்கு திருகாணிகள் இருந்தன. நீளப்பக்கம் நான்கு நான்கு, குறுக்குப்பக்கம் மும்மூன்று. போன் லைன் இல்லாமல் செட்டுக்குச் செட் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு வானொலி, ஹாம் ரேடியோ என்பார்களே, அது எனக்கு முப்பத்தொரு வருடப் பழக்கம். வெளியே தூக்கிப்போகும் செட்டுக்குள் எங்கள் விருதுநகர்த் தூசியோ திடீர் மழையோ புகுந்துவிடக் கூடாது என்ற கவலையில் கனத்த பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, உள்ளே மூன்று விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்ச் வைத்து, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, மூடியைத் திருகி இறுக்கினேன். வெறும் பெட்டியைத் தொட்டித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையொன்றில் வேலை பார்த்த ஃபோர்மேன் எங்கள் ஹாம் குழுவில் எட்டு வருட நண்பர். பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "என்ன சார், செட்டைப் பொதைக்கவா போறீக? கொக்கி போடுங்க. அவசரம்னா பட்டுனு திறக்கணும்லா." கொக்கி போட்டால் இடுக்கு விடும் என்று சொல்லி நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு முற்பகலில் அவருடைய ஆலையில் ஓர் அறை வெடித்தது. அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. சிவகாசியில் இருந்த என்னை ஃபோர்மேன் போனில் கூப்பிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததில் செல்போன்கள் செத்துவிட்டன. முதல் வேன் காயம்பட்டவர்களைப் பெயர்கூடக் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மனைவி அதில் போனாரா என்பது மட்டும்தான் ஃபோர்மேனுக்குத் தெரிய வேண்டும். சிவகாசி ஆஸ்பத்திரி வாசலில் நான் கிளம்பும்போதே சொல்லி நிறுத்திய எங்கள் குழுக்காரர் ஒருவர் செட்டோடு காத்திருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆனால் பட்டாசு ஆலைக்குள் இரும்புச் சாமான் போகக் கூடாது. உரசினால் பொறி பறக்கும். வெடிக்காத அறைகளில் இன்னும் மருந்து இருந்தது. நான் பெட்டியைச் சாலையோரம் வைத்துவிட்டு ஃபோர்மேனைத் தேடி உள்ளே போகும்போது, காவல்காரர் வழக்கம்போல என் சட்டைப்பையைத் தடவி, ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தன் அறையில் வைத்துப் பூட்டினார். செட்டை இயக்க நாங்கள் சாலைக்குத் திரும்பியபோது காவல்காரர் அடுத்த வேனில் போய்விட்டிருந்தார், சாவியோடு.

பக்கத்து ஆலையிலிருந்து பொறி பறக்காத பித்தளை ஸ்குரூ டிரைவர் வாங்கிவர ஓர் ஆள் ஓடினார். ஃபோர்மேன் ஒரு கருங்கல்லைத் தூக்கினார். "உடைச்சிருவோம் சார்."

"வேண்டாம், உள்ளே செட் இருக்கு," என்றேன். பெட்டியின் மேல் கையையும் வைத்துக்கொண்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கல்லைக் கீழே வைத்தார். திரும்பி உள்ளே நடந்தார். வேலிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் இறந்தவர்களைச் சேலைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்தார். நான்கு முகங்கள். நான் சாலையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஸ்குரூ டிரைவர் வந்து, பதினான்கையும் கழற்றி, பதில் வாங்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கையில் தீக்காயம். தன் பெயரைத் தானே சொல்லியிருந்தார்.

கல்லால் அடித்திருந்தால் செட் நசுங்கியிருக்கும் என்று வெகுநாள் எனக்கே சமாதானம் சொல்லிவந்தேன். மூன்று விரல் ஸ்பாஞ்சு வைத்தவன் நான். மூடிதான் உடைந்திருக்கும்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா தழும்பேறிய கையால் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், அன்னைக்கு நீங்க செட்டு கொண்டாந்தீகளாமே? பெறகு ஏன் இவுக பொணத்தையெல்லாம் பெரட்டிக்கிட்டுத் திரிஞ்சாக?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் முந்திக்கொண்டார். "அதான் அப்பமே சொன்னேம்லா, சிக்னல் கெடைக்கலன்னு. சார் என்ன செய்வாக?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.