ஆல்பத்தில் மெலிந்த கை

பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்துவது என் தொழில். படத்தில் பிள்ளை இருக்கிறபடி இருந்தால் சொந்தக்காரர்களுக்குப் பிடிக்காது, பிடிக்கிற மாதிரி நான் ஆக்கிக் கொடுக்கவேண்டும். விசேஷ வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றும், கை கழுவியதும் "வெயிட் போட்டுட்டியே" என்றும் கேட்டு வளர்ந்த தங்கைகளே, நீங்களெல்லாம் என் கட்சி.

பதினாறு நாள்

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தர்ஷினிக்குச் சடங்கு. பன்னிரண்டு வயது. எங்கள் ஸ்டூடியோவில் படமெடுக்கும் அண்ணனுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று அத்தைதான் பக்கத்திலேயே இருந்து ஊட்டியிருக்கிறார். பிள்ளை வாயை மூடினால் தொடையில் ஒரு கிள்ளு. இடுப்பு பலமாக இருக்கவேண்டுமாம்.

சடங்கன்று ரவிக்கையின் ஹூக் பூட்டவில்லை. லயத்து வரிசை வீடுகளின் சனமெல்லாம் கூடி நிற்கும்போது, ஊட்டிய அதே அத்தை சொன்னார்: "என்னாடி இது, பதினாறு நாள்ல பீப்பா மாதிரி ஊதிட்ட!"

கையைக் கொறைங்க

ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய, அரை நாள் கொழுந்து பறித்துவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா பஸ் ஏறி வந்தார். "நாலு சனம் பாக்குற ஆல்பம் மிஸ், கையைக் கொஞ்சம் கொறைச்சிருங்க" என்றார். குறைத்தேன். கன்னத்தை யாரும் கேட்காமலே குறைத்தேன். தர்ஷினி என் பின்னால் நின்று திரையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதைக் கண்டும் நான் வேலையை நிறுத்தவில்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு: "ஆ, இப்பதாங்க இது எம்புள்ள!"

அடையாள அட்டை

அடையாள அட்டைப் படத்தில் மட்டும் நாங்கள் திருத்தம் செய்யக்கூடாது. மூன்று வருஷம் கழித்து அதற்காக அத்தையோடு தர்ஷினி வந்தபோது எனக்கு ஆளே தெரியவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. படமெடுத்து எழுந்தவள் கண் இருட்டி என் மேல் சாய்ந்தாள். பிளேன்டீயும் பணிஸ் என்கிற இனிப்பு பன்னும் வாங்கி வந்தேன். சீனி என்று தள்ளிவிட்டாள். காலையிலும் சாப்பிடவில்லையாம், முந்தின நாளும் இல்லையாம்.

"ஸ்கூல்லயும் ரெண்டு தரம் விழுந்துட்டா. ஆனா இப்பதான் பாக்க லட்சணமா இருக்கா, இல்ல?" என்று அத்தை பெருமையாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தர்ஷினி சட்டைக் கையைச் சுருட்டித் தன் கையை என் முன்னால் நீட்டினாள்: "அக்கா, நீங்க ஆல்பத்துல வச்ச அளவுக்கு வர இன்னும் எவ்வளவு கொறையணும்?"

பழியை யார் மேலாவது போடலாமென்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன் தங்கைகளே, அத்தை, அம்மா, நான் என்று மூன்று பேருமே அவளுக்கு நல்லது செய்தவர்களாகத்தான் இருக்கிறோம்.